பதினேழு தெரு கேட்கிறது, நாலு தெருவுக்குத்தான் காசு: எதை முதலில் போடச் சொல்வது?

#1 குறுக்குத்தெருக்காரன்

வணக்கம். ஊர் பெயரைப் போடவில்லை. எங்கள் கவுன்சிலர் வீட்டார் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதுண்டு. நகராட்சியாக இருந்து மாநகராட்சி ஆன ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு பகுதி சபா, அதாவது வார்டு மக்கள் கூடிப் பேசும் கூட்டம். இந்த வருடம் எங்கள் வார்டில் நாலு தெருவுக்கு மட்டும் மதிப்பீடு போடலாம் என்று மண்டல அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம். மாமன்றத்தில் பொருள் வைப்பதற்குள் "நீங்களே பேசி ஒரு பட்டியல் கொடுங்க" என்று கவுன்சிலர் பந்தை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். பட்டியல் எழுத உட்கார்ந்தால் பதினேழு தெரு வருகிறது. அதில் அடிதடி இவற்றுக்குத்தான்:

பள்ளிக்கூடத் தெருவில் அரசு நடுநிலைப் பள்ளி இருக்கிறது. வாசலிலேயே குழி. மழை பெய்தால் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

டேங்க் வீதி கடைவீதி. மினி பஸ் போகிறது. ஓரமெல்லாம் அரித்துப் போயிருக்கிறது.

ரயில்வே கேட் காலனியில் அறுபது வீடு. அங்கே தார் என்பதே போட்டதில்லை, மண் ரோடுதான்.

மேலே புது லேஅவுட் ஒன்று. ரோடு சுமார். ஆனால் கூட்டத்துக்கு முதலில் வருவதும் பேசுவதும் அவர்கள்தான்.

கடைசியாக எங்கள் மூணாவது குறுக்குத்தெரு. ரோடு மோசமில்லை, உயரம்தான் பிரச்சினை. தாத்தா கட்டும்போது ரோட்டிலிருந்து மூன்று படி ஏறி வீட்டுக்குள் போவோம். இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம்.

எனக்கு என் தெரு வரவேண்டும் என்ற ஆசை இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் சபையில் நியாயமாகப் பேச ஒரு முறை வேண்டும். எப்படி வரிசைப்படுத்துவது?

#2 டீக்கடை பெஞ்சு

கவுன்சிலர் வீடு எந்தத் தெரு? அதுதான் ஒன்று. அவர் மச்சான் வீடு எந்தத் தெரு? அதுதான் இரண்டு. மீதி இரண்டுக்கு வேண்டுமானால் சபை போடுங்கள்.

#3 ஓவர்சியர் (ஓய்வு)

தம்பி, முப்பத்தொரு வருடம் நகராட்சிப் பொறியியல் பிரிவில் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ரோட்டின் மேல் என்ன இருக்கிறது என்று எல்லோரும் பார்க்கிறீர்கள். அடியில் என்ன வரப்போகிறது என்று முதலில் கேளுங்கள்.

பாதாள சாக்கடை உங்கள் வார்டுக்கு வந்துவிட்டதா? வந்திருந்தால் வீட்டு இணைப்பு முடிந்ததா? மெயின் லைன் ஒருமுறைதான் தோண்டுவார்கள். வீட்டு இணைப்புக்கு ஒவ்வொரு வாசலிலும் குறுக்கே வெட்டுவார்கள். குடிநீர்க் குழாய் மாற்றும் திட்டம் ஏதாவது உண்டா? அம்ருத் 2.0 என்று நகரங்களுக்கான குடிநீர்த் திட்டம் ஒன்றை 2021 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, அதில் உங்கள் ஊர் இருந்தால் பழைய இரும்புக் குழாயை மாற்றும் வேலை வரிசையில் இருக்கலாம். கேபிள், கேஸ் லைன் தனி.

ஒரு ஊரில் நானே பிப்ரவரியில் ரோடு போட்டுக் கொடுத்தேன். கறுப்பு வெல்வெட் மாதிரி இருந்தது. ஏப்ரலில் குடிநீர்க்காரர்கள் வந்து நடுவில் கோடு கிழித்தார்கள். மார்ச்சுக்குள் எங்கள் நிதியைச் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்று எங்களுக்கு அவசரம், அவர்கள் திட்டத்துக்கு அப்போதுதான் பணி உத்தரவு வந்திருந்தது. ரெண்டு பேர் மேலும் தப்பில்லை. ரோடு மட்டும் போனது.

அதனால் பதினேழு தெருவையும் எழுதி, அடுத்த இரண்டு வருடத்தில் தோண்டப் போகும் தெருக்களை ஏ.இ.யிடம் (உதவிப் பொறியாளர்) கேட்டு முதலில் அடித்துவிடுங்கள். பட்டியல் தானாகவே பாதியாகிவிடும்.

#4 பின்சக்கரம்

நான் சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறேன். உங்கள் ஊரேதான் என்று நினைக்கிறேன். ரயில்வே கேட், டேங்க் வீதி, மேலே லேஅவுட் என்றதும் பிடிபட்டுவிட்டது.

டேங்க் வீதியில் பள்ளிவாசலுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைப் படிக்குப் பக்கத்தில், பாதி புதைந்த கிலோமீட்டர் கல் ஒன்று இருக்கிறது. பார்த்திருக்கிறீர்களா? தலைப்பக்கம் கறுப்பு. மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, கறுப்பு மாவட்டச் சாலை என்று பள்ளியில் படித்தது. அது மாநகராட்சி ரோடுதானா?

#5 குறுக்குத்தெருக்காரன்

அட! பத்து வருடமாக அந்தக் கல்லில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். ஏ.இ.யிடம் கேட்கிறேன்.

#6 ஓவர்சியர் (ஓய்வு)

தம்பி பின்சக்கரம், சபாஷ். மாவட்டச் சாலை, அதாவது நெடுஞ்சாலைத் துறை ரோடாக இருந்தால் மாநகராட்சி அதில் தார் போட முடியாது. மன்றத்தில் தீர்மானம் போட்டுக் கோட்டப் பொறியாளருக்குக் கடிதம் எழுதலாம், அவ்வளவுதான். அந்தத் துறைக்குக் குழி படம் எடுத்து அனுப்ப "நம்ம சாலை" என்று 2023இல் ஒரு செயலியே விட்டார்கள். சென்னையிலும் இந்தக் குழப்பம் உண்டு. ஒரே ரோடு என்று ஜனங்கள் நினைக்கும் ரோட்டில் ஒரு பகுதி நெடுஞ்சாலைத் துறை, ஒரு பகுதி மாநகராட்சி.

இப்போது முக்கியமான விஷயம். எல்லோரும் "ரொம்ப மோசமானது முதலில்" என்பீர்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். குட்டிச்சுவரான ரோட்டை இந்த வருடம் போட்டாலும் அடுத்த வருடம் போட்டாலும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். எப்படியும் அடி வரை வாரி எடுத்து ஜல்லியிலிருந்து தொடங்க வேண்டும். அது இனிமேல் கெட இடமில்லை. ஆனால் இப்போதுதான் விரிசல் விடுகிற ரோடு இருக்கிறதே, அதன் மேல் இன்றைக்கு ஒரு மெல்லிய படலம் போட்டால் பிழைத்துக்கொள்ளும். ரெண்டு மழைக்காலம் விட்டால் விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி ஜல்லியை இளக்கிவிடும். அப்புறம் அதுவும் குட்டிச்சுவர்தான், செலவு பல மடங்கு. மோசமானதை மட்டும் துரத்திக்கொண்டிருந்தால் வருடா வருடம் நாலு ரோடு போடுவீர்கள், பின்னால் ஆறு ரோடு கெட்டுக்கொண்டிருக்கும்.

எந்த ரோடு எந்த நிலையில் என்று கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து நடந்து பாருங்கள். மேல்பரப்பு காய்ந்திருக்கும், விரிசல் மட்டும் ஈரமாகக் கோடு போட்டுக் காட்டும். கோடு நீளவாக்கில் தனித்தனியாக இருந்தால் காப்பாற்றலாம். ஆமை ஓடு மாதிரி கட்டம் கட்டமாக இருந்தால் அடிப்பகுதி போய்விட்டது. அங்கே மேலே தார் போடுவது புண்ணுக்குப் பவுடர் போடுகிற வேலை.

#7 கேட்_காலனி_அக்கா

இழையை என் மகன் காட்டினான். படித்தேன், வயிறு எரிந்தது.

ஓவர்சியர் ஐயா சொல்கிற கணக்குப்படி எங்கள் ரோடு எப்போதுமே கடைசிதான். கெட இடமில்லையாம், அதனால் காத்திருக்கலாமாம். இருபத்திரண்டு வருடமாகக் காத்திருக்கிறோம் ஐயா. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். ஒரு தடவை ரயில்வே இடம் என்றார்கள், அளந்து பார்த்தால் இல்லை. ஒரு தடவை குழாய் வந்தபிறகு என்றார்கள், குழாய் இன்னும் வரவில்லை. எங்கள் வீடுகளுக்கு வரி ரசீது இருக்கிறது.

போன ஐப்பசியில் என் மாமியாருக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸ் முனையோடு நின்றுவிட்டது. டிரைவர் தம்பி மேல் குற்றமில்லை, உள்ளே விட்டால் சக்கரம் புதைந்து அவரும் மாட்டியிருப்பார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போனோம். சேற்றில் ஒருவர் வழுக்கி, நாற்காலிக் கால் ஒன்று உடைந்தது. அந்த நாற்காலி இன்னும் வீட்டில் இருக்கிறது. செங்கல் முட்டுக் கொடுத்து உட்காருகிறோம்.

விரிசல் ஈரமா காய்ந்ததா என்று பார்க்க எங்களுக்கு விரிசலே இல்லை.

#8 டீக்கடை பெஞ்சு

அக்கா சொன்னதற்கு மேல் நான் கிண்டல் செய்ய ஒன்றுமில்லை.

#9 ஓவர்சியர் (ஓய்வு)

அம்மா, நீங்கள் சொல்வது சரி. நான் சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை நீங்கள் பிடித்துவிட்டீர்கள்.

என் கணக்கு இருக்கிற ரோட்டைப் பராமரிக்கும் கணக்கு. ரோடே இல்லாத இடத்துக்கு அது பொருந்தாது. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். செலவுக் கணக்கு பார்த்தால் காலனி எப்போதும் தோற்கும். பரிதாபம் பார்த்தால் பராமரிப்பு எப்போதும் தோற்கும். ஆகவே இரண்டு பட்டியல் போடுங்கள், "புது ரோடு" ஒன்று, "பராமரிப்பு" ஒன்று. நாலில் ஒன்றாவது முதல் பட்டியலுக்கு என்று ஒதுக்கிவிட்டு, அப்புறம் மற்றதைப் பேசுங்கள்.

குழாய் வரவில்லை என்பது மட்டும் எனக்கு உறுத்துகிறது. அதற்கு யாராவது வழி சொன்னால் நல்லது.

#10 கணக்குப்பிள்ளை

நான் சொல்கிறேன். வேறொரு மாநகராட்சியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

"ரோட்டுக்குக் காசில்லை" என்று சொன்னால் எந்தக் காசு இல்லை என்று திருப்பிக் கேளுங்கள். ஒரு மாநகராட்சிக்குள் பல உண்டியல்கள். பொது நிதி என்பது சொத்துவரி, கடை வாடகை போன்ற சொந்த வருமானம். மாநில அரசின் திட்ட நிதிகள் தனி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வழிகாட்டுதல் உண்டு. மத்திய நிதிக்குழு மானியம் இன்னொன்று. 2021-26க்கான 15வது நிதிக்குழு மானியத்தில் பெருநகரம் அல்லாத ஊர்களுக்கு வந்ததில் பாதிக்கு மேல் குடிநீர், சுகாதாரம் இரண்டுக்கு மட்டும்தான் செலவழிக்க வேண்டும் என்று கட்டுப்போட்டது. அதை எடுத்துத் தார் ரோடு போட முடியாது.

காலனியில் குழாய் போட வேண்டியது குடிநீர் உண்டியலிலிருந்து, ரோடு பொது நிதியிலிருந்தோ திட்ட நிதியிலிருந்தோ. ரோட்டுக்கான நாலு தெரு ஒதுக்கீட்டில் குழாய்ச் செலவைச் சேர்த்துக் காட்டியிருந்தால் மதிப்பீடு ஊதிப்போய் "காலனிக்கு ஆகிற காசில் ரெண்டு தெரு போடலாம்" என்று தள்ளியிருப்பார்கள். சபையில் இரண்டு தனித் தீர்மானம் போடச் சொல்லுங்கள். குழாய்க்கு ஒன்று, ரோட்டுக்கு ஒன்று. குழாய் முடிந்த பிறகே ரோடு என்று இரண்டாவதில் எழுதுங்கள்.

இன்னொன்று. சபை கேட்பது நேராக வேலை ஆகிவிடாது. மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி உத்தரவு என்று போகும். 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி அறிவிப்பு விட்டுக் கால அவகாசம் கொடுக்க வேண்டும். இப்போது செப்டம்பர். வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் யாராவது தார் போட வந்தால் நீங்களே தடுத்துவிடுங்கள்.

#11 மேலே_லேஅவுட்

எங்களைப் பற்றி எழுதியதால் பதில். முதலில் வருவதும் பேசுவதும் குற்றமா? 2022இல் சொத்துவரியை ஏற்றினார்களே, ஊரையும் கட்டடப் பரப்பையும் பொறுத்து 25 சதவீதத்திலிருந்து 150 சதவீதம் வரை. பெரிய வீடு என்பதால் அதிகம் ஏறியது எங்களுக்குத்தான். லேஅவுட் அனுமதிக்கு வளர்ச்சிக் கட்டணமும் கட்டியாகிவிட்டது. கட்டியவன் கேட்கத்தான் செய்வான்.

#12 பின்சக்கரம்

சார், உங்கள் லேஅவுட்டில் ராத்திரி பதினொரு மணிக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அங்கே ஆர்டர் விழுந்தால் எனக்குச் சந்தோஷம்.

#13 ஓவர்சியர் (ஓய்வு)

லேஅவுட் சார் கேட்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அவர் ரோட்டில் நீளவாக்கு விரிசல் ஆரம்பித்திருந்தால் பராமரிப்புப் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. புது ரோடு வேண்டாம், விரிசலை அடைத்தால் போதும். வரி அதிகம் கட்டுவதால் அல்ல, செலவு குறைவு என்பதால். வரியைப் பார்த்து ரோடு போட்டால் கேட் காலனிக்கு இன்னும் இருபத்திரண்டு வருடம் ஆகும்.

#14 மாம்பலம்_மாடி

சென்னையிலிருந்து. குறுக்குத்தெருக்காரர் சொன்ன படி விஷயத்துக்கு வருகிறேன், எங்கள் பக்கம் இது பெரிய வியாதி.

பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போனால் ஒரு தடவைக்கு நாலு சென்டிமீட்டர் ஏறும். நாலைந்து தடவை ஆனால் ஒரு படி போச்சு. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு ரோடு போடும் துறைகளுக்கு எழுதினார்: பழைய மேல்பரப்பை மில்லிங் செய்து எடுத்துவிட்டு அதே உயரத்துக்குத்தான் புது ரோடு போட வேண்டும், வீடுகள் பள்ளத்தில் போகக்கூடாது என்று. அந்தக் கடிதத்தைச் சபையில் சொல்லுங்கள். தெரு எது என்று முடிவு செய்வது பாதிதான், மதிப்பீட்டில் "மில்லிங்" என்ற வரி இருக்கிறதா என்பது மீதிப் பாதி.

நாங்கள் செய்தது: ரோடு போடுவதற்கு முதல் நாள் பத்து வீட்டு மதில் சுவரில் ரோட்டிலிருந்து சரியாக ஒரு மீட்டர் உயரத்தில் சிவப்பு பெயின்டில் கோடு போட்டோம். போட்டு முடிந்ததும் டேப் வைத்து அளந்தோம். ஒரு மீட்டர் இருந்தால் சரி. தொண்ணூற்றாறு வந்தால் சண்டை.

#15 குறுக்குத்தெருக்காரன்

அப்படியென்றால் எங்கள் தெரு வராமல் இருப்பதே எங்களுக்கு நல்லதோ? மில்லிங் இல்லாமல் போட்டால் ரெண்டு படி இறங்க வேண்டும்.

#16 மாம்பலம்_மாடி

அதுவும் உண்மைதான்! எங்கள் தெருவில் ஒரு பாட்டி "ரோடே வேண்டாம், இருக்கிறதை விட்டுட்டுப் போங்கடா" என்று கட்டிலைப் போட்டு உட்கார்ந்தார்.

#17 பச்சைப்பை

யாரும் பிளாஸ்டிக் ரோடு பற்றிப் பேசவில்லையே! மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்தது. 2002இலேயே கல்லூரி வளாகத்தில் போட்டார்கள். 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எல்லாத் தெருவையும் அப்படியே போட்டால் குப்பையும் தீரும்.

#18 ஓவர்சியர் (ஓய்வு)

நல்ல முறைதான், சூடான ஜல்லி மேல் பிளாஸ்டிக் துணுக்கு உருகி ஒட்டிக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாது. ஆனால் அது எப்படிப் போடுவது என்ற கேள்வி. எங்கே போடுவது என்பதற்கு அதில் பதில் இல்லை.

#19 கோவைக்_குசும்பு

பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரே என்ற ஊரில் 1989இலேயே மக்கள் கூடி வாக்களித்து எந்தத் தெருவுக்குக் காசு என்று முடிவு செய்ய ஆரம்பித்தார்கள். நம் நாட்டில் புனே மாநகராட்சி 2006இலிருந்து மக்களிடம் வேலைப் பட்டியல் வாங்கி பட்ஜெட்டில் சேர்க்கிறது. நம்மிடம் 2022இல்தான் பகுதி சபா விதியே வந்தது. அந்த நவம்பர் 1ஆம் தேதி தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதல்வர் ஸ்டாலினே வந்து சபையில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் எத்தனை ஊரில் ஒழுங்காக நடக்கிறது என்று இங்கே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். வாக்கெடுப்பு வைத்துவிடுங்கள், தகராறு தீரும்.

#20 கேட்_காலனி_அக்கா

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சபை. எங்கள் காலனியில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமைதான் சந்தையில் கடை போடுவார்கள், மீதிப் பேர் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போவார்கள். வாக்கெடுப்பு என்றால் லேஅவுட்தான் ஜெயிக்கும். வேண்டாம்.

#21 பின்சக்கரம்

இதற்கு எண்ணிப் பார்ப்பதே மேல். இன்று காலை பள்ளிக்கூடத் தெரு முனையில் எட்டரையிலிருந்து ஒன்பதேகால் வரை வண்டியை நிறுத்திவிட்டு எண்ணினேன். நடந்தும் சைக்கிளிலும் போன பிள்ளைகள் 143. அம்மா அப்பா வண்டியில் வந்தது 61. குழியைச் சுற்றி எல்லோரும் வலது பக்கம் ஒதுங்குகிறார்கள், எதிரே வருகிற வேனுக்கும் அதே இடம்தான். ஒரு சின்னப் பெண் தண்ணீர் பாட்டிலைக் குழிக்குள் போட்டுவிட்டு எடுக்கலாமா வேண்டாமா என்று நின்றாள். நான் எடுத்துக் கொடுத்தேன். முழங்கை வரை போனது கை.

லேஅவுட் மெயினில் அதே நேரத்துக்கு நாளை எண்ணுகிறேன்.

#22 குறுக்குத்தெருக்காரன்

சபை முடிந்தது. நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

வந்தவர்கள் ஐம்பது பேருக்குக் கொஞ்சம் குறைவு. கவுன்சிலர் அம்மா நடுவில் உட்கார்ந்தார், பேசியது பெரும்பாலும் அவர் கணவர். ஏ.இ. ஒரு நீல ஃபைலோடு வந்தார். முதல் கேள்வியாக "அடுத்த ரெண்டு வருஷத்துல எந்தெந்தத் தெரு தோண்டப் போறீங்க?" என்று கேட்டேன். ஏ.இ. என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் ஃபைலைத் திறந்தார். ஓவர்சியர் ஐயா, நீங்கள் சொன்ன மாதிரியே ஆயிற்று. பதினேழில் ஆறு தெருவில் வீட்டு இணைப்பு வேலை பாக்கி. அந்த ஆறில் ஒன்று எங்கள் மூணாவது குறுக்குத்தெரு. என் வாயாலேயே என் தெருவை அடித்தேன். வீட்டில் இன்னும் பேசவில்லை.

டேங்க் வீதி நெடுஞ்சாலைத் துறை ரோடுதான். கல் சாட்சி. அதற்குக் கடிதம் எழுதத் தீர்மானம். மினி பஸ் போகும் வீதி என்பதால் பெரிய மதிப்பீடு அதற்குத்தான் போட்டு வைத்திருந்தார்களாம், அந்த இடம் காலியாயிற்று.

காலனிக்கு இரண்டு தீர்மானம். குழாய் என்றதும் "அது வேற ஹெட்டு, கமிஷனர்கிட்ட பேசணும்" என்றார் ஏ.இ. அக்கா எழுந்து நாற்காலிக் கதையைச் சொன்னார். அதற்கப்புறம் லேஅவுட்காரர்களே "அதை முதல்ல எழுதுங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் பட்டியல்: ஒன்று கேட் காலனி, புது ரோடு. இரண்டு பள்ளிக்கூடத் தெரு, மில்லிங் செய்து. மூன்று பால்காரர் சந்து, ஆமை ஓடு. நாலு லேஅவுட் மெயின், விரிசல் அடைத்து மெல்லிய படலம்.

#23 டீக்கடை பெஞ்சு

பால்காரர் சந்தில் யார் வீடு என்று சொல்லவில்லையே.

#24 குறுக்குத்தெருக்காரன்

கவுன்சிலரின் மச்சான் வீடு. ஆனால் ஆமை ஓடு உண்மைதான், நானே மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன்.

#25 டீக்கடை பெஞ்சு

நாலுக்கு ஒன்று. நம்ம ஊர் கணக்குக்கு இது முதல் வகுப்பு.

#26 குறுக்குத்தெருக்காரன்

இழையைத் தூசி தட்டுகிறேன். பொங்கல் முடிந்து வேலை தொடங்கிவிட்டது. மாமன்றத்தில் எங்கள் பட்டியலில் மூன்று அப்படியே வந்தது. லேஅவுட் மெயின் போய், பட்டியலிலேயே இல்லாத வேறொரு தெரு வந்திருக்கிறது. காரணம் கேட்டால் "மண்டலக் குழுவில் மாற்றினார்கள்" என்கிறார்கள். காலனிக்குக் குழாய் டிசம்பரில் இறங்கியது. நாளை இரவு பள்ளிக்கூடத் தெருவில் தார் போடுகிறார்கள். என்ன பார்க்க வேண்டும்?

#27 ஓவர்சியர் (ஓய்வு)

லாரியை எண்ணுங்கள். தெரு 200 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 4 சென்டிமீட்டர் கனம் என்றால் 40 கன மீட்டர். கெட்டித்த தார்க் கலவை ஒரு கன மீட்டர் சுமார் 2.3, 2.4 டன் இருக்கும். ஆக 90 டன்னுக்கு மேல் வர வேண்டும். ஒரு டிப்பரில் 12 டன் என்று வைத்தால் எட்டு நடை. எடை ரசீது டிரைவரிடம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். ஆறு நடையோடு முடிந்தால் கனம் எங்கேயோ போயிற்று என்று அர்த்தம்.

கலவை கொட்டும்போது ஆவி பறக்க வேண்டும். ஆறிப்போய்க் கட்டியாக விழுந்தால் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். ரோலர் அதை எத்தனை தடவை மிதித்தாலும் ஒட்டாது.

அப்புறம் சரிவு. நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்க வேண்டும். ரெண்டரை சதவீதச் சரிவு என்றால் 5 மீட்டர் ரோட்டில் ஓரத்தைவிட நடு ஆறு சென்டிமீட்டர் உயரம்.

வேலை முடிந்தபிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி எம்.புக் (வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) நகல் கேளுங்கள், முப்பது நாளில் தர வேண்டும். அதில் எழுதிய கனமும் நீங்கள் எண்ணிய நடையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

#28 பின்சக்கரம்

ராத்திரி பத்தரையிலிருந்து நானும் குறுக்குத்தெரு அண்ணனும் பள்ளி மதில் மேல் உட்கார்ந்து எண்ணினோம். ஏழு நடை. எட்டாவது வரவில்லை. சூப்பர்வைசர் ரெண்டு தடவை வந்து "என்ன தம்பி, தூக்கம் வரலையா?" என்று கேட்டார். டிரைவர் ஒருவர் எடை ரசீதைக் காட்டினார், பதினான்கு டன். மற்ற லாரிகளும் அப்படியென்றால் ஏழே போதும் இல்லையா ஓவர்சியர் ஐயா?

#29 ஓவர்சியர் (ஓய்வு)

ஏழு பதினாலு தொண்ணூற்றெட்டு. போதும். மற்ற ரசீதையும் பார்த்திருக்கலாம், பரவாயில்லை. மதில் கோடு என்ன ஆயிற்று?

#30 குறுக்குத்தெருக்காரன்

பத்து வீட்டில் எட்டில் ஒரு மீட்டர் அப்படியே. ரெண்டில் தொண்ணூற்றெட்டு. பள்ளிக்கூட வாசலில் சரியாக நூறு.

#31 கேட்_காலனி_அக்கா

எங்களுக்குப் போன வாரம் சிமெண்ட் ரோடு போட்டார்கள். தண்ணீர் தேங்குகிற இடம் என்பதால் தார் வேண்டாம் என்றார் ஏ.இ. பத்து நாள் சாக்கு நனைத்துப் போட்டு வைக்கச் சொன்னார்கள். தண்ணீர் ஊற்ற ஆள் வரவில்லை, நாங்களே முறை வைத்து ஊற்றினோம்.

ஓவர்சியர் ஐயா சரிவு பார்க்கச் சொன்னதால் இன்று காலை ரோட்டு நடுவில் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். இடது பக்கம் நன்றாக ஓடிச் சாக்கடையில் விழுந்தது. வலது பக்கம் கடைசி வீட்டு வாசலில் குளம் மாதிரி நிற்கிறது. சாயங்காலம் வரை காயவில்லை. போட்டோ எடுத்து ஏ.இ.க்கு அனுப்பினேன். நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். குடத்தோடு காத்திருக்கிறேன்.